கொட்டுக்காரனுக்குக் கடைசிப் பந்தி

தபலாவில் விரல் ஓட்டத் தெரிந்தவருக்குத் தேயிலையின் ருசி எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. ஜாகிர் உசேன் ஒரு கோப்பையைத் தூக்கி உறிஞ்சினார், பின்னால் தாஜ்மகால் நின்றது, தொலைக்காட்சி இருந்த வீடுகளிலெல்லாம் அந்த டீத்தூளுக்கு மரியாதை வந்தது. 2024 டிசம்பரில் அவர் காலமானபோது பத்திரிகைக்காரர்கள் அவருடைய தாளத்தோடு சேர்த்து டீயையும்தான் நினைவுபடுத்தினார்கள். கலைஞன் போன பிறகும் அவன் பெயரோடு ஒரு பாக்கெட் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த ஒட்டலைப் பற்றிப் பேசலாம் என்று பார்க்கிறேன்.

பேசவேண்டிய அவசியம் என்னவென்றால், எங்கள் பக்கத்தில் வாசிக்கிறவனுக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு இதற்கு நேர் எதிரானது. ஆரணியில் கல்யாண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. பட்டுப்புடவை எடுக்க வருகிற கூட்டம், அரிசி மண்டிக்கு வருகிற கூட்டம், முகூர்த்த நாளென்றால் தெருவில் நடக்க முடியாது. மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் ஊதிக்கொண்டும் கொட்டிக்கொண்டும் போகிற பேண்ட் செட்டில் பாதிப்பேர் காலனிப் பையன்கள். ராத்திரி பதினொன்றுக்கு ஊர்வலம் முடியும். பந்தி முடிந்து, எச்சில் இலை எடுத்து, சமையல்காரர் ஆட்களும் தின்று முடித்த பிறகு கொல்லைப்புறத்தில் இவர்களைக் கூப்பிடுவார்கள். சில இடத்தில் பொட்டலம்தான். "வண்டியில போவச்சொல்ல துன்னுகுங்கப்பா" என்று மரியாதையாகவே சொல்வார்கள். சாவுக்குப் பறை அடிக்கப் போன எங்க தாத்தா காலத்தில் துண்டை விரித்து வாங்கினார்கள், இப்போது கேரிபேக். வாசிப்பு வேண்டும், வாசிக்கிறவன் வாய் வேண்டாம்.

ஆக, இசைக்காரனுடைய வாய் ருசிக்குச் சாட்சி சொல்லலாமா கூடாதா என்பது வித்வத்தைப் பொறுத்த விஷயமே இல்லை. விளம்பரக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. யார் தொட்டதைத் தின்னலாம், யாரோடு உட்கார்ந்து தின்னலாம் என்று இந்த நாடு ஏற்கெனவே வைத்திருக்கிற கணக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அவன் வியாபாரம் பண்ணுகிறான்.

அந்த டீ விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். புரூக் பாண்ட் கம்பெனி 1966இல் இறக்கிய சரக்கு தாஜ்மகால் டீ. உயர்ந்த டீ என்று காட்டவேண்டும், அதற்கு ஒரு உஸ்தாது, ஒரு மொகலாயக் கட்டடம், ஒரு பீங்கான் கோப்பை. வாசிப்பைப் பாராட்டுகிறவரிடம், என்னைப் பாராட்டாதே, தாஜைப் பாராட்டு என்று திருப்பிவிடுகிற அடக்கம். ரொம்பவும் நேர்த்தியான விளம்பரம், மறுக்க மாட்டேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். 1992இல் மசூதியை இடித்த கும்பல் நாடெங்கும் விஷம் கக்கிக்கொண்டிருந்த வருஷங்களில் ஒரு முஸ்லிம் கலைஞனின் சிரித்த முகம் எல்லார் வீட்டு நடுக்கூடத்துக்கும் போய் டீ கொடுத்தது. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தப் படச்சட்டத்துக்குள் இரண்டு கைகள் இல்லை. ஒன்று, இலை கிள்ளிய கை. சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் எங்க வட ஆற்காட்டிலிருந்தும் கங்காணி பின்னால் கண்டிக்குப் போன சனத்தில் பெரும்பகுதி நம் சனம். தெற்கே திருநெல்வேலியிலிருந்து வால்பாறைக்கு ஏறிய கதையை டாக்டர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார், இரா. முருகவேள் அதைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொடுத்திருக்கிறார். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டார்களே, அந்தத் தலைகளெல்லாம் தேயிலை கிள்ளியவர்களின் தலைகள். இரண்டாவது, தோல் பதப்படுத்திய கை. தபலாவின் முகம் ஆட்டுத்தோல். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் வேண்டும். அதைச் செய்கிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதி, 2020இல் வெளியிடப் போனபோது கலாக்ஷேத்ரா கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்டுத்தோலில் வருகிற நாதம் வேண்டும், அந்த மாட்டைப் பற்றிய பேச்சு வேண்டாம். கறியைப் பற்றிப் பேசினால் சொல்லவே வேண்டாம்.

வெறும் வாயால் பேசிக்கொண்டிருந்தால் ஆகாது என்று போன மாதம் படிப்பகத்தில் நாலைந்து சரக்கை வாங்கி வைத்து எல்லாரும் சாப்பிட்டுப் பார்த்தோம். பேண்ட் செட் பையன்கள் மூன்று பேர், பட்டு முறுக்குகிற பட்டறைக்குப் போகிற ஒரு அக்கா, கூலிக்குத் தறி ஓட்டுகிற என் சித்தப்பா, கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். தாஜ்மகால் டீயைப் போட்டோம். "நல்லாத்தான்கீது, ஆனா குடிச்ச மாரி இல்ல" என்றார் சித்தப்பா. தறிக்குழியில் கால் தொங்கப்போட்டுக்கினு விடிகாலையிலிருந்து மிதிக்கிறவருக்கு டீ என்றால் சாயம் இறங்கிக் கசக்கவேண்டும், சர்க்கரை தூக்கலாக இருக்கவேண்டும், பசியை இரண்டு மணி நேரம் அடக்கவேண்டும். வாசனை பார்த்து உறிஞ்சுகிற டீ வயிறு நிறைந்தவனுக்கு. விலையும் டீக்கடைத் தூளைவிடக் கூடுதல். அக்கா வேறு ஒன்றைச் சொன்னாள். "டீ எதுவா இருந்தா இன்னா, எந்த கிளாஸ்ல குடுக்கறான்னு பாரு." இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்பவர்கள் கிராமத்து டீக்கடைக்குப் போய்ப் பார்க்கட்டும். ஊர்க்காரனுக்குக் கண்ணாடி டம்ளரும் நமக்குத் தூக்கிப்போடுகிற கப்பும் என்று அது உருமாறி நிற்கிற கடைகள் உண்டு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பை அரசு தடை செய்தபோது சுற்றுச்சூழலைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அந்தக் கப் இந்த வேலையையும் செய்துகொண்டிருந்ததை யாரும் பேசவில்லை.

அடுத்து காபி. வி.எஸ். மணி அன் கோ என்று பெங்களூர்க் கம்பெனி, அனிருத் அதில் பங்காளியாகவும் முகமாகவும் சேர்ந்திருக்கிறார். டிகாஷன் தயாராக வருகிறது, பாலைக் காய்ச்சி ஊற்றினால் போதும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. ஃபில்டர் வைத்துக் காத்திருக்க நேரமோ பாத்திரமோ இல்லாத வீட்டில் அந்த ருசி இரண்டு நிமிஷத்தில் வருகிறதென்றால் வரட்டுமே. ஆனால் ஃபில்டர் காபியைத் 'தென்னிந்திய மரபு' என்று ஆளாளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கு நமைச்சல் எடுக்கிறது. யாருடைய மரபு? காபி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பார்ப்பன வீட்டின் அடையாளமாக ஆனது என்று ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'யில் விரிவாக எழுதியிருக்கிறார். 'பிராமணாள்' பலகையை எடுக்கச் சொல்லி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் தொண்டர்கள் நாள் கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். நரசுஸ் காபிக்காரன் சேலத்துக்காரன், அவனுக்கும் விளம்பரத்தில் 'பேஷ் பேஷ்' தேவைப்பட்டது. 'சோக்காகீதுபா' என்று ஒரு வாய் சொன்னால் காபி விற்காது என்று அவனுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவேண்டியதில்லை.

சோற்றைப் பெட்டியில் அடைத்துப் பாடகர் பெயரில் விற்பது நம் ஊரில் இன்னும் அவ்வளவாக வரவில்லை. 2021 ஜூனில் மெக்டொனால்ட்ஸ்காரன் பி.டி.எஸ். என்கிற கொரியப் பாட்டுக் குழுவின் பெயரில் ஒரு சாப்பாட்டு செட் விற்றான். கோழித் துண்டு பத்து, உருளைக்கிழங்கு வறுவல், கோக், தொட்டுக்கொள்ள இரண்டு சட்னி. சென்னையில் வேலை பார்க்கிற எங்க தெருப் பெண் ஒருத்தி அதை வாங்கித் தின்றுவிட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து ஊருக்குக் கொண்டுவந்தாள். இன்னும் அலமாரியில் இருக்கிறது. ருசியைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறாள். அவளைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் இல்லை. கவுண்டரில் பணம் கொடுத்தால் என்ன சாதி என்று கேட்காமல், எல்லாருக்கும் கொடுக்கிற அதே பெட்டியில், எல்லாரும் உட்காருகிற அதே நாற்காலியில் கொடுக்கிறான். நம் மார்க்சியத் தோழர்கள் பன்னாட்டு மூலதனம் என்று வகுப்பு எடுக்கும்போது இதையும் சேர்த்து எடுக்கவேண்டும்.

ஆனால் இங்கே இன்னொரு கேள்வி. அரக்கோணத்திலிருந்து வந்த தெருக்குரல் அறிவு 2023இல் கோக் ஸ்டுடியோ தமிழில் கதீஜா ரகுமானோடு சேர்ந்து பாடினார். அறிவு யார்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய வள்ளியம்மாளின் பேரன். 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியபோது ஒரு ஆங்கில இசைப் பத்திரிகை அட்டையில் அவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் போட்டது, பா. ரஞ்சித் கேள்வி எழுப்பிய பிறகுதான் தனியாக ஒரு அட்டை வந்தது. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் அந்தப் பாட்டு இருந்தது, அவர் இல்லை. அப்படிப்பட்டவருக்குக் கோக் கம்பெனி மேடை போட்டுக் கொடுக்கிறது. பிளாச்சிமடையில் ஆதிவாசிக் காலனிக் கிணறுகளைக் கெடுத்த கம்பெனி அது. மயிலம்மா 2002இலிருந்து வாசலில் உட்கார்ந்து 2004இல் ஆலையை மூடவைத்தார். நம் கங்கைகொண்டானிலும் அதே பானத்துக்காகத் தாமிரபரணித் தண்ணீர் போனது. 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டு 2017 மார்ச்சில் எடுத்தது. அதே மார்ச்சில்தான் வணிகர்கள் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்றார்கள். எங்க தெருமுனைக் கடையிலும் கொஞ்ச நாள் பன்னீர் சோடா மட்டும் கிடைத்தது.

அறிவு அங்கே பாடியிருக்கக் கூடாது என்று முகநூலில் எழுதிய சாதி இந்து முற்போக்காளர்களோடு நான் சேரமாட்டேன். சபாவில் இடம் கிடையாது, அட்டையில் இடம் கிடையாது, கம்பெனி மேடையிலும் பாடக்கூடாது என்றால் அவன் எங்கேதான் பாடுவது? அதே நேரம் அந்தப் பாட்டைக் கேட்கும்போது மயிலம்மாவின் கிணறு எனக்கு ஞாபகம் வருவதையும் நான் அடக்கிக்கொள்ளப் போவதில்லை. கலைஞனுக்குக் கூலி வேண்டும். தண்ணீரும் வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்கவேண்டிய நிலைமையை உண்டாக்கியவன் யார் என்பதுதான் விமர்சனத்தின் வேலை.

அமெரிக்கக் கறுப்பர்கள் இதில் நம்மைவிட வெகுதூரம் போனவர்கள். கறுப்பினப் பக்திப் பாடகி மகாலியா ஜாக்சன் பெயரில் 1960களின் கடைசியில் கோழிக் கடைகள் திறந்தார்கள். 1994இல் ஜேம்ஸ் லிண்ட்சே 'ராப் ஸ்நாக்ஸ்' என்று சிப்ஸ் கம்பெனி ஆரம்பித்து, ராப் பாடகர்களின் முகத்தைப் பாக்கெட்டில் போட்டுக் கறுப்பர் குடியிருப்புகளின் முக்குக் கடைகளில் விற்றார். பாடகி பட்டி லபெல் பெயரில் வால்மார்ட்டில் வந்த சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரம், 2015 நவம்பரில் ஒரு ரசிகர் அதைத் தின்றுகொண்டே அவரைப் போலப் பாடிப் போட்ட வீடியோவால் கடை கடையாகத் தீர்ந்துபோனது. பின்னால் குளிர்பெட்டியில் வைத்து விற்கிற சாப்பாட்டு வகைகளும் அவர் பெயரில் வந்தன. சர்க்கரைவள்ளியைப் பாருங்கள். அடிமைகளின் சமையல் அது. நமக்கும் பஞ்ச காலத்தில் அவித்துத் தின்ற கிழங்கு. அங்கே ஒரு கறுப்புப் பெண்ணின் பெயரே 'கைப்பக்குவம்' என்று அர்த்தமாகி வெள்ளைக்காரனும் வரிசையில் நிற்கிறான். பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கறுப்புக் கை பட்டது என்பது அங்கே விற்பனைக்கு ஒரு காரணம்.

இங்கே? 2016இல் சந்திர பான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்றே பெயர் வைத்து மசாலாப் பொடியும் ஊறுகாயும் விற்கக் கிளம்பினார். முதலாளியாவதுதான் விடுதலை என்கிற அவர் அரசியலில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகை 'பிராமணாள்' பலகைக்கு அறுபது வருஷம் கழித்து விழுந்த சரியான பதில். நம் கடைகளில் இன்றைக்கும் அப்பளத்திலிருந்து பருப்புப்பொடி வரை அக்ரகாரத்துப் பெயரில் கிடைக்கிறது, கூடவே 'கை படாமல் தயாரித்தது' என்று ஒரு வரி. சுத்தத்துக்காகத்தான் போடுகிறார்கள் என்பார்கள். இந்த ஊரில் கை என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம் இருந்ததில்லை.

படிப்பகத்தில் அன்றைக்குக் கடைசியாக வைத்தது எங்க ஆயா செய்த கொடுவா. மாட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து வறுத்தது. பிரிட்ஜே இல்லாமல் மாசக்கணக்கில் கெடாது. எந்தப் பாட்டுக்காரனும் இதற்கு முகம் கொடுத்ததில்லை. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018இல் மேடை ஏறி மாட்டுக்கறியைப் பற்றிப் பாடியபோது யாரும் அவர்களுக்குப் பணம் கொடுத்துப் பாடச் சொல்லவில்லை. தட்டு முதலில் காலியானது இதுதான். டிரம்பட் வாசிக்கிற தம்பி விரலைச் சூப்பிக்கினே கேட்டான், "இத்த பாக்கெட்ல போட்டா எம்மூஞ்சி போடுவியாண்ணா?"

அந்தத் தம்பிகள் இந்த வருஷம் அட்வான்ஸ் ரசீதில் ஒரு வரி சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். வாசிப்பவர்களுக்கு விருந்தினர் பந்தியில் இலை போடவேண்டும் என்று. வைகாசியில் ஏழு பார்ட்டி வந்தது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேர் வேலூர் செட்டைத் தேடிப் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு பேர், ரேட்டைக் கூட்டித் தருகிறோம், அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள் என்றார்கள். தம்பிகள் அடிக்கவில்லை.