சார்ஜும் இன்ட்ரஸ்ட்டும்: ஒரு சொல்லாய்வு

விவேக் நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் எனக்குக் கல்லூரிப் படிப்பு கிடையாது. படித்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்துதான். இரண்டு ஆங்கிலச் சொற்களால் ஒருமுறை சூடுபட்டேன். அதனால் எழுதத் துணிந்தேன்.

சரக்கின் பேரில் கடன் வாங்கியபோது பத்திரத்தில், சரக்கின் மேல் ‘சார்ஜ்’ என்றிருந்தது. ஏதோ கட்டணம் போலிருக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். தவணை தவறியபோதுதான் விளங்கியது: அது கட்டணமல்ல, கடன் கொடுத்தவருக்கு என் சரக்கின் மேல் நான் எழுதிக்கொடுத்த ஈட்டுரிமை!

சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியத்தைப் (1965) புரட்டினேன். பொருள்களை அடுக்கித் தருகிறார்கள். அவற்றுக்குள் என்ன உறவு என்று சொல்வதில்லை. எங்கள் சமண மரபில் வந்த மண்டலபுருடர், சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதியில் ஒருசொற் பல்பொருளைத் தொகுத்தார். மனப்பாடத்துக்கு அருமையான நூல்; ஆனால் அங்கும் இதே குறைதான். நம்மவர் என்பதற்காக மறைக்க வேண்டாம்.

‘சார்ஜ்’ என்பதற்கு மூலம், வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல். வண்டியில் பாரம் ஏற்றுவதே முதற்பொருள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானே வரும். தமிழிலும் குற்றம் சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம். செல்போனுக்கு மின்னேற்றம் செய்கிறோம். ஈட்டுரிமையும் சொத்தின் மேல் ஏற்றிய சுமைதானே!

‘இன்ட்ரஸ்ட்’ அப்படி அடங்காது. லத்தீனில் ‘இடையே இருத்தல்’. தமிழில் வட்டி, ஆர்வம், நலன், உரிமை என்று நாலு திசையில் பிரிகிறது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் முழுப்பெயரில் வரும் இன்ட்ரஸ்ட் வட்டியல்ல. ஈட்டுச் சொத்தின் மேலுள்ள உரிமை. ஆக, பேச்சில் தனித்தனியே நடக்கும் இரு சொற்களும் கடன் பத்திரத்தில் கைகோத்துக்கொள்கின்றன.

வழி என்ன? தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே காட்டிவிட்டார்: பலபொருள் ஒருசொல்லை வினையால் பிரித்தறியலாம். மா காய்த்தால் மரம், ஓடினால் குதிரை. அப்படியே இன்ட்ரஸ்ட் கட்டினால் வட்டி, காட்டினால் ஆர்வம். சார்ஜ் கட்டச் சொன்னால் கட்டணம். எழுதிக்கொடுக்கச் சொன்னால் உங்கள் சொத்து!

இன்ட்ரஸ்ட்டுக்கு நெருங்கிய தமிழ்ச் சொல் ஒன்று எனக்குப் படுகிறது: பற்று. மனத்தில் இருந்தால் ஆசை. பேரேட்டில் இருந்தால் கடன். பெரியவர்கள் ஏன் பற்றை விடச் சொன்னார்கள் என்பது வியாபாரிக்குச் சீக்கிரம் புரியும்.

நம் பிள்ளைகள் இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறார்கள், மகிழ்ச்சி. கையெழுத்துப் போடும்முன் சொல்லை மட்டுமல்ல, பக்கத்திலிருக்கும் வினையையும் பார்க்கச் சொல்லிக்கொடுப்போம்.