பாலபாடமும் பயன்சொல்லலும்

வாசித்தல் வேறு; வாசித்ததை விளங்கிக்கொள்ளல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே வகுப்பிற் பின்தங்கும் மாணவனுக்கு 'மந்தன்' என்னும் பெயர் எளிதிற் சூட்டப்படுகின்றது. தமிழ்ப் பிள்ளைகளின் வாசிப்புக்கென எழுந்த நூல்களுட் தலைசிறந்ததாகிய ஆறுமுக நாவலரின் பாலபாடத்தை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து.

நாவலர் (1822–1879) 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதுகாறும் திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் மணலில் எழுத்தெழுதிப் பழகி, நீதிநூல்களையும் நிகண்டையும் செய்யுளாகவே நெட்டுருச் செய்தனர். பாலபாடமோ எழுத்து, சொல், சிறுவாக்கியம், வசனபாடம் எனப் படிப்படியாக ஏறுகின்றது. காற்புள்ளி முதலிய குறிகளைத் தமிழ் வசனத்திற் பயிலவிட்டோருள் நாவலர் முதன்மையானவர். எங்கே நிறுத்துவது என்பதை அறியாத பிள்ளைக்கு அக்குறிகள் செய்யும் உதவி சிறிதன்று. இவை அந்நூலின் அழியாச் சிறப்புக்கள்.

ஆயினும் ஒரு குறையும் காணப்படுகின்றது. நான்காம் பாலபாடம் கொலை, களவு, கல்வி, செய்ந்நன்றியறிதல் முதலிய பொருள்களை நெடிய வாக்கியங்களாற் பேசுகின்றது. சிறுவாக்கியத்தினின்றும் இவ்விடத்தை அடையும் பிள்ளை ஏறவேண்டிய படி உயரமானது. அக்காலப் பிள்ளை அதனை எங்ஙனம் ஏறினான்? நூல் தராத துணையை ஊர் தந்தது. கோயில்களிற் கந்தபுராணமும் திருவாதவூரடிகள் புராணமும் படிக்கப்பெற்ற காலத்து, ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொன்னார். எழுத்தறியாதாரும் அப்பயனைக் கேட்டுக் கேட்டு உயர்ந்த தமிழுக்குச் செவி பழகினர். பாலபாடத்தை எடுக்குமுன்னரே அதன் சொற்களுட் பல பிள்ளையின் செவியிற் குடிபுகுந்திருந்தன.

செவிவழிப் பயிற்சியும் பள்ளியும் ஒருங்கே குலைந்தால் விளைவு என்னாகும்? பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலமைந்த உடையார்கட்டு இதற்கு விடை கூறும். 2009 ஜனவரியிற் பாதுகாப்பு வலயம் என அறிவிக்கப்பட்ட பரப்பினுள் அவ்வூரும் அடங்கியது. அங்குள்ள பாடசாலை தற்காலிக மருத்துவமனையாயிற்று. எறிகணைகள் அவ்வலயத்தினுள்ளும் வீழ்ந்தன. வன்னி மக்கள் இடம்பெயர்ந்து, ஈற்றிற் செட்டிகுளம் முகாம்களை அடைந்தனர். அக்காலத்தில் முதலெழுத்துக் கற்கும் வயதினராயிருந்தோர் இன்று இருபது வயதைக் கடந்துவிட்டனர், சிலர் பெற்றோருமாயினர். தமக்குத் தவறிய படியைத் தம் மக்களுக்கு அவர் எங்ஙனம் காட்டுவர் என்பதே ஆசிரியர் முன்னுள்ள வினா.

1986இற் கொஃப், ரன்மர் என்னும் அறிஞர் இருவர், வாசித்து விளங்கும் ஆற்றலானது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைக் கேட்டு விளங்கும் திறனும் ஒன்றையொன்று பெருக்கி வரும் பயன் எனக் கூறினர். பெருக்கலில் ஒன்று பூச்சியமாயின் பயனும் பூச்சியமே. ஆதலின் இடர்ப்படும் மாணவனின் குறை எத்திறனில் உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு பந்தியை அவனே வாசிக்கட்டும். அதே அளவினதாகிய பிறிதொரு பந்தியை ஆசிரியர் வாசிக்க அவன் கேட்கட்டும். கேட்டதற்கு விடை கூறி, வாசித்ததற்குத் தடுமாறுவானாயின் குறை எழுத்திலுள்ளது. துணைக்காலையும் ரகரத்தையும் மயங்குதல், 'கெ', 'கொ' என்பவற்றிற் கொம்பை முன்னே கண்டு ஒலியைப் பின்னே கூட்ட இயலாமை போன்றன அவனிடம் காணப்படலாம். அவனுக்கு வேண்டுவது முதற் பாலபாடத்தின் நிதானமே. தடையின்றி வாசித்தும், கேட்டும் பொருள் கூற இயலாதவனுக்கோ எழுத்துப் பயிற்சி வீண். அவனுக்கு வேண்டுவது பயன்.

அப்பயன் அவன் பேசும் மொழியில் தொடங்குதல் வேண்டும். வீட்டில் 'அம்மா வாறா' என்னும் பிள்ளைக்கு 'அம்மா வருகின்றார்' என்பது புதியதொரு மொழி போன்றதே. முன்னதை இழித்துரையாது, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுதல் நன்று. குளக்கட்டு, துருசு, வான், வாய்க்கால், சூடடித்தல் என்பன வன்னிப் பிள்ளை கண்ணாற் கண்ட பொருள்கள். இவற்றைக்கொண்டு அமைந்த பாடத்தில் அவனது முழுக்கவனமும் வாக்கியத்தின்மேற் செல்லும். பின்னர்க் காணாத பொருள்களுக்கு அவனை அழைத்துச் செல்லலாம். ஒரு மாணவன் வாசிக்க மற்றொருவன் பயன் கூறி, அடுத்த பந்தியில் இருவரும் இடம் மாறுவாராயின் கோயில் மண்டபத்தின் பழைய முறை வகுப்பறையில் உயிர்பெறும். எழுத்தறிவு குன்றிய தாயும் மாலையிற் பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, 'இதற்குப் பயன் என்ன?' என வினவலாம். அதற்கு அவள் எழுத்தறிய வேண்டுவதில்லை.

பாலபாடம் தனித்து நின்று கற்பித்த நூலன்று. பயன் சொல்லும் ஊரொன்றின் நடுவே நின்று கற்பித்த நூல். நூலை மட்டும் போற்றி அவ்வூரை மறப்பது நாவலர் வழியாகாது. அதனை மீளக் கட்டுதல் ஆசிரியர் கடன்.