அழுவதற்கு ஒரு பாட்டி: குடிமாறுதல் பற்றி இரண்டு படங்கள்

சின்னக் குழந்தைகளோடு ஊர் மாறிப் போகிற குடும்பத்தைப் பற்றி ஏதாவது நல்ல படம் சொல்லுங்கன்னு கேட்டால், இணையத்தில் உடனே வந்து விழுகிற பெயர் பிக்ஸாரின் 'இன்சைட் அவுட்' (2015). குழந்தை மனசை இந்த அளவுக்கு யாரும் காட்டினதில்லை என்பார்கள். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் வீட்டில் குழந்தைகளோடு சேர்ந்து பலமுறை பார்த்தபிறகு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்ன என்பது ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோவில் ஹயாவோ மியாசாகி எடுத்த 'மை நெய்பர் டொடோரோ'வை (1988) பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இன்சைட் அவுட்' குடிமாறுதலை ஒரு குழந்தையின் தலைக்குள் நடக்கிற சம்பவமாக ஆக்கிவிடுகிறது. டொடோரோவில் அது வீட்டிலும் தெருவிலும் நடக்கிறது. சமைக்க யார், சின்னதைப் பார்த்துக்க யார், மழை வந்தால் குடை யார் தருவார்கள் என்பதெல்லாம்தான் அங்கே கதை. குழந்தையோடு ஊர் மாறினவர்களுக்கு இதில் எது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. (கதை முழுக்கச் சொல்லித்தான் பேச முடியும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

தலைக்குள் ஒரு ஊர்

ரைலிக்கு 11 வயது. மின்னசோட்டாவில் பிறந்து வளர்ந்து ஐஸ் ஹாக்கி ஆடுகிற பெண். அப்பாவுக்கு ஸ்டார்ட்அப் வேலை. குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்கு வருகிறது. சாமான் ஏற்றின லாரி வந்து சேரவில்லை. வெறும் தரையில் ஸ்லீப்பிங் பேக். வீட்டுக்குள் செத்த எலி. சாப்பிடப் போனால் பீட்சா மேலே ப்ரோக்கோலி. (ஜப்பானில் வெளியிட்டபோது ப்ரோக்கோலியை எடுத்துவிட்டுப் பச்சைக் குடைமிளகாய் போட்டார்கள். அங்கே குழந்தைகள் முகம் சுளிக்கிற காய் அது.) முதல் இருபது நிமிஷத்தில் குடிமாறுதலின் எரிச்சல் அத்தனையும் கச்சிதமாக வந்துவிடுகிறது.

அப்புறம் படத்தின் ஆகச் சிறந்த காட்சி. ராத்திரி அம்மா வந்து உட்கார்ந்து, அப்பா நிறைய அழுத்தத்தில் இருக்கிறார், நாம ரெண்டு பேரும் சிரிச்ச முகமா இருந்தா அவருக்குப் பெரிய உதவியா இருக்கும் என்கிற மாதிரி சொல்கிறாள். அம்மா கெட்டவள் இல்லை. ரொம்ப அன்பாகத்தான் சொல்கிறாள். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து ரைலிக்கு அழுவதற்கு வீட்டில் இடம் இல்லை. பெற்றோர் அன்பாக வைக்கிற பாரத்தை இவ்வளவு சரியாகப் பிடித்த வேறு குழந்தைகள் படம் எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பிறகு படம் தலைக்குள் போய்விடுகிறது. மகிழ்ச்சி, சோகம், பயம், கோபம், அருவருப்பு என்று ஐந்து பேர் ஒரு கன்ட்ரோல் ரூமில். பால் எக்மன், டாக்கர் கெல்ட்னர் என்ற இரண்டு உளவியல் அறிஞர்களிடம் ஆலோசனை கேட்டுச் செய்தது இது. மென்பொருள்காரனுக்கு இந்தப் பகுதி கொண்டாட்டம். நினைவுகள் உருண்டை உருண்டையாகப் போய் அலமாரியில் அடுக்கப்படுகின்றன. வேண்டாததை உறிஞ்சி எடுக்க ஆட்கள் வருகிறார்கள். கார்பேஜ் கலெக்‌ஷனை இதைவிட அழகாகக் காட்ட முடியாது.

சிக்கல் வெளியே இருக்கிறது. கன்ட்ரோல் ரூமை மறந்துவிட்டு, ரைலி கண்ணால் பார்க்கிற சான் பிரான்சிஸ்கோவை மட்டும் தொகுத்துப் பாருங்கள். ஒரு வீடு, ஒரு பீட்சா கடை, ஒரு வகுப்பறை, ஒரு ஹாக்கி மைதானம், ஒரு பஸ் நிலையம். ஆட்கள்? பீட்சா கடையில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். எழுந்து நின்று உன்னைப் பற்றிச் சொல்லு என்கிற டீச்சர். பேசிக்கொண்டிருக்கும்போதே ரைலி வகுப்பில் அழுதுவிடுகிறாள். காட்சி அதோடு முடிகிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியாது. பிக்ஸார் அலுவலகம் இருக்கிற எமரிவில்லில் இருந்து வளைகுடாவைத் தாண்டினால் சான் பிரான்சிஸ்கோ. எடுத்தவர்களுக்குத் தெரியாத ஊர் இல்லை. தெரிந்தே காலி செய்திருக்கிறார்கள், தலைக்குள் இருக்கிற ஊர் பெரிதாகத் தெரிவதற்காக.

அதனால் ரைலிக்கு இரண்டே வழிகள்தான் மிஞ்சுகின்றன. ஒன்று, அம்மா அப்பாவிடம் சொல்வது. இல்லை, அம்மாவின் கிரெடிட் கார்டை எடுத்து டிக்கெட் போட்டு மின்னசோட்டாவுக்கு ஓடுவது. அவள் இரண்டாவதில் ஆரம்பித்து முதலாவதற்குத் திரும்பி வருகிறாள். வீட்டை மிஸ் பண்றேன் என்கிறாள், அப்பாவும் எனக்கும் அப்படித்தான் என்கிறார், மூவரும் கட்டிக்கொள்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் கண் கலங்குகிற இடம். ஆனால் மறுநாள் காலை என்ன ஆச்சு? படம் சட்டென்று தாவி, புது ஊர் ஹாக்கி அணியில் அவள் சேர்ந்து 12 வயதும் ஆனபிறகுதான் திரும்ப நமக்குக் காட்டுகிறது. குடிமாறினவர்களுக்கு உண்மையில் கஷ்டமான மாதங்கள் அந்த வெட்டுக்குள் போய்விட்டன.

ஒரு பென்டோ டப்பா, ஒரு குடை

டொடோரோ எதிர்த் திசையில் போகிற கதை. 1950கள், அப்பா தன் இரண்டு பெண்களோடு டோக்கியோவுக்கு வெளியே ஒரு கிராமத்துப் பழைய வீட்டுக்கு வருகிறார். அம்மா நோயாளி, அவள் இருக்கிற மருத்துவமனைக்குப் பக்கம் என்பதால்தான் அந்த வீடு. (மியாசாகியின் அம்மாவே முதுகெலும்புக் காசநோயால் வருஷக்கணக்கில் படுத்திருந்தவர்.) பெரியவள் சாட்சுகிக்கு 10 வயது இருக்கும். சின்னவள் மேவுக்கு 4. முதலில் ஒரே ஒரு பெண்ணை வைத்துத்தான் கதை யோசித்திருக்கிறார்கள். இரண்டாகப் பிரித்தது பிறகு. பஸ் ஸ்டாப்பில் டொடோரோ பக்கத்தில் ஒற்றைப் பெண் நிற்கிற அந்தப் பிரபலமான போஸ்டர் அதன் மிச்சம்.

பிரித்தது நல்லதாகப் போயிற்று. இரண்டு குழந்தைகள் என்று ஆனதும் சின்னதைப் பார்த்துக்கொள்வது என்ற வேலை கதைக்குள் வந்துவிடுகிறது. பூதம், பூனை பஸ் எல்லாம் அப்புறம். படத்தின் பெரும்பகுதி நேரம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கூட்டிப் பெருக்குகிறார்கள். தண்ணீர் பம்பு அடிக்கிறார்கள். துணியைக் காலால் மிதித்துத் துவைக்கிறார்கள். அப்பா தூங்கிப் போய்விட்ட காலையில் சாட்சுகி எழுந்து மூன்று பேருக்கும் பென்டோ, அதாவது மதியச் சாப்பாட்டு டப்பா, கட்டுகிறாள். மூன்று பேரும் ஒரே சைக்கிளில் அம்மாவைப் பார்க்கப் போகிறார்கள். அம்மா பெரியவளுக்குத் தலை வாரிவிடுகிறாள். தினமும் அம்மா கையால் நடந்த ஒரு விஷயம் இப்போது சைக்கிள் மிதித்துப் போய் வாங்க வேண்டியதாகிவிட்டது என்பதை அந்தச் சீப்பு சொல்லிவிடுகிறது.

அடுத்தது, வெளியாட்கள். ஒருநாள் பாஸ் பட்டனில் கை வைத்துக்கொண்டு, குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்கள் இந்தக் குழந்தைகளுக்கு என்னென்ன செய்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தேன்:

- பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் நாளே வந்து வீட்டைத் துப்புரவு செய்ய உதவுகிறாள்.
- அவள் பேரன் கான்டாவிடம் அவன் அம்மா ஓகாகி (பயறு விழுது பூசின அரிசி உருண்டை) கொடுத்தனுப்புகிறாள்.
- அப்பா பல்கலைக்கழகம் போகிற நாளில் சின்னவள் பாட்டியிடம் இருக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறாள். பாட்டி அவளை அக்காவின் பள்ளிக்கே கூட்டிப் போகிறாள். டீச்சர் வகுப்பிலேயே உட்கார விடுகிறார்.
- மழையில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரிடம் கான்டா பேசாமல் குடையைத் திணித்துவிட்டு நனைந்துகொண்டே ஓடுகிறான்.
- மருத்துவமனையிலிருந்து தந்தி வருகிறது. டெலிபோன் இருக்கிற வீட்டுக்கு அவன்தான் கூட்டிப் போகிறான்.
- சின்னவள் காணாமல் போனதும் ஊரே தேடுகிறது.

இதில் ஒன்றுகூடப் பெரிய தியாகம் இல்லை. ஒரு தட்டுப் பலகாரம், ஒரு குடை, வகுப்பில் ஓர் இருக்கை. ஆனால் இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் குடும்பம் அந்த ஊரில் வேர் பிடிக்கிறது.

அழுகை யார் முன்னாடி வருகிறது

இரண்டு படமும் ஒரே முடிச்சில் வந்து நிற்கின்றன. பெரியவர்களுக்காகத் தைரியமாக இருந்த ஒரு பெண் குழந்தை ஒரு கட்டத்தில் உடைகிறாள். ரைலி சிரித்துக்கொண்டே இருந்து உடைகிறாள், சாட்சுகி சமைத்துத் துவைத்து உடைகிறாள். அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப் போனதும் தங்கையிடம் கத்துகிறாள். போன தடவையும் இப்படித்தான் லேசான சளி என்று சொன்னார்கள், அம்மா செத்துப் போயிட்டா என்ன பண்றது என்று தேம்பித் தேம்பி அழுகிறாள்.

யாரிடம் அழுகிறாள்? அப்பாவிடம் இல்லை, அவர் டோக்கியோவில். அம்மாவிடம் அழவே முடியாது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம். பாட்டி பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. உங்களை விட்டுட்டு உங்கம்மா எங்கேயும் போகமாட்டா என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள், கூட இருக்கிறாள். சாட்சுகிக்கு வேண்டியது அதுதான்: தன் அழுகையால் காயப்படாத ஒரு பெரியவர். அப்பாவிடம் அழுதால் அவர் உடைந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும். ரைலிக்கும் தெரியும். வித்தியாசம், சாட்சுகிக்குப் பாட்டி இருந்தாள்.

கற்பனை நண்பர்கள் விஷயத்திலும் இதே வித்தியாசம். ரைலியின் பிங் பாங் அவள் தலைக்குள் மட்டும் இருக்கிறவன். அவள் வளர்வதற்காக மறதிக் குழியில் மறைந்துபோகிறான். டொடோரோவைப் பார்த்தேன்னு சின்னவள் சொன்னதும் அப்பா சிரிக்கவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பெரிய கற்பூர மரத்துக்கு முன்னால் நின்று வணக்கம் வைக்கிறார். குழந்தையின் கற்பனைக்கும் அந்த ஊரில் ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது.

இரண்டு மறுப்புகள்

இதைச் சொன்னதும் ஒரு நண்பர் கேட்டார்: ஐம்பதுகளின் கிராமத்தையும் இன்றைய நகரத்தையும் ஒப்பிடலாமா? அங்கே கதவைத் திறந்தால் பாட்டி, இங்கே கதவைத் திறந்தால் லிஃப்ட். நியாயமான கேள்வி. டொடோரோ 1988-லேயே ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கிற படம்தான். ஆனால் மியாசாகி அந்தப் பாட்டியை இலவசமாகத் தந்துவிடவில்லை. சின்னவள் முதலில் அவளிடம் தங்கவே மாட்டேன் என்கிறாள். கான்டா முதல் நாள் கேலி செய்கிறான். பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. அந்த 'கொஞ்சம் கொஞ்சமாக' நகரத்திலும் உண்டு. 'இன்சைட் அவுட்' அதைத்தான் வெட்டிவிட்டது. 2024-ல் வந்த இரண்டாம் பாகத்தில் தோழிகளும் பயிற்சியாளரும் வந்துவிட்டார்கள். ஆனால் அது 13 வயதின் கதை, குடிமாறுதலின் கதை இல்லை.

இரண்டாவது மறுப்பு: குழந்தை பெற்றோரிடமே மனம்விட்டுப் பேசுவதுதானே நல்லது? நல்லதுதான். ஆனால் அது மட்டுமே வழி என்றால் அந்த வழியில் நெரிசல் ஜாஸ்தி. நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பெரியவளுக்கு 9, சின்னவனுக்கு 4. ஊரை விட்டதில் போனது பாட்டி வீடு மட்டும் இல்லை. இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருக்கிற வேன் டிரைவர் அண்ணா, காசு இல்லாமல் மிட்டாய் தந்துவிட்டு அப்புறம் கணக்குச் சொல்கிற கடைக்காரர், எல்லாரும்தான். இங்கே கீழ் வீட்டு ஆஜி (மராத்தியில் பாட்டி) சின்னவனை அரை மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆரம்பித்து ஆறு மாசம் இருக்கும். மூன்று நாள் தொடர்ந்து டிஃபன் டப்பா திறக்கப்படாமல் திரும்பி வந்தபோது எங்களிடம் "பசிக்கலப்பா" என்று முடித்துக்கொண்ட பெரியவள், காரணத்தை அரைகுறை ஹிந்தியில் ஆஜியிடம் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதுதான் பிரச்சினை. எங்களிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் முகம் வாடி உட்கார்ந்திருப்போம். ஆஜி ஒரு லட்டு கொடுத்துவிட்டு, வகுப்பில் யார் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று விசாரித்தார். அவ்வளவுதான்.

இதனால் 'இன்சைட் அவுட்' மோசமான படம் ஆகிவிடாது. சோகத்தை ஓரம் தள்ளாதே என்று குழந்தைக்கும் பெற்றோருக்கும் சேர்த்துச் சொன்ன படம். அந்த இடத்தில் டொடோரோவைவிடத் தெளிவானது. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு ஊர் மாறினால், குழந்தை வாடி இருக்கும்போதெல்லாம் நாம் அதன் தலைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்போம். சந்தோஷமா இருக்கியா, ஸ்கூல் பிடிச்சிருக்கான்னு தினமும் கேட்போம். குழந்தைக்கு அந்தக் கேள்வியே இன்னொரு வீட்டுப்பாடம்.

டொடோரோவைப் பார்த்தபிறகு வேறு கேள்விகள் வருகின்றன. அவசரத்துக்கு ஒரு மணி நேரம் குழந்தையை யார் வீட்டில் விட முடியும்? மழை வந்தால் யாரிடம் குடை கேட்கும்? நம்மைத் தவிர அதன் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? புது ஊரில் இதற்கெல்லாம் பதில் ஒரே நாளில் கிடைக்காது. ஆனால் இவை பெரியவர்கள் இறங்கிப் போய்க் கதவைத் தட்டிச் செய்யக்கூடிய வேலைகள். குழந்தை சிரித்துச் சமாளிக்க வேண்டியவை இல்லை.