சாரீரமும் சரீரமும்

மார்க் ரைடல் இயக்கி 1979-இல் வெளிவந்த ‘தி ரோஸ்’ திரைப்படத்தில், ஊர் ஊராகப் பாடிக் களைத்துப்போன ராக் பாடகி தன் மானேஜரிடம் ஓராண்டுக் காலம் ஓய்வு வேண்டுமென்று யாசிக்கிறாள், அவன் மறுத்துவிடுகிறான். மதுவும் போதை மருந்தும் நிலைகொள்ளாத காதலுமாகப் பின்னர் விளையும் அனர்த்தங்கள் யாவும் அந்த ஒரு மறுப்போடு பிணைந்து கிடக்கின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

1970 அக்டோபர் 4 அன்று, 27-ஆம் வயதில், ஹெராயினுக்கு இரையாகிப்போன ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் வாழ்வே இக்கதைக்கு வித்து. ஆயினும் கதாநாயகியாக நடித்த பெட் மிட்லர், ஜாப்ளினின் குரலையோ சாயலையோ பிரதிசெய்து காட்ட முற்படாமல், தமக்கு இயல்பாக வாய்த்த சாரீரத்தைக் கொண்டே முற்றிலும் வேறானதொரு பெண்ணைச் சிருஷ்டித்திருக்கிறார்.

காயத்தை மறைத்துக்கொண்டு களமிறங்கும் ஆட்டக்காரனை நாம் பார்த்திருக்கிறோம். அவன் ஆடும்வரை வலி தெரிவதில்லை. கச்சேரிக் காட்சிகளில் மிட்லர் புரிவதும் அதுவே. பெருங்கூட்டத்தின் முன் நிஜமாகவே பாடிப் படமாக்கப்பட்ட அக்காட்சிகளில், சாரீரம் உச்சத்தை எட்ட எட்ட, அதைத் தாங்கி நிற்கும் சரீரம் கரைந்துகொண்டே போவதை, வில்மோஸ் சிக்மண்டின் ஒளிப்பதிவின் துணையோடு, நம் கண்ணெதிரே நிகழ்த்திக் காட்டுகிறார். மேடையை விட்டு இறங்கினாலோ, தான் போற்றும் கன்ட்ரி இசைப் பாடகரொருவர் (ஹாரி டீன் ஸ்டாண்டன்) தன் பாடல்களை இனி அவள் பாட வேண்டாமென்று முகத்துக்கு நேரே சொல்லும்போது, ஆயிரமாயிரம் ரசிகர்களை ஆண்ட அந்தப் பெண், அடிபட்ட சிறுமியாகச் சுருங்கிப்போகிறாள்.

எனினும் நடிப்பின் சிகரம் தொலைபேசிக் கூண்டில்தான் இருக்கிறது. ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள சொந்த ஊரில், தான் படித்த பள்ளியின் கால்பந்து மைதானத்தருகே, மருந்தேறிய உடம்போடு பெற்றோரை அழைத்துப் பேசும் அக்காட்சியில் பாட்டில்லை, வாத்தியமில்லை. தளர்ந்து வழுக்கும் குரலொன்றே இருக்கிறது. அங்கிருந்து மேடையேறுபவள், பாடி முடித்து அங்கேயே சரிந்து விழுகிறாள்.

படத்தில் குறையில்லாமலில்லை. ஃபிரெடரிக் ஃபாரஸ்ட் ஏற்ற காதலன் பாத்திரத்தோடு மூளும் சச்சரவுகள் ஒரே வட்டத்தில் சுழன்று அலுப்பூட்டுகின்றன. மானேஜராக வரும் ஆலன் பேட்ஸின் கண்டிப்பில் இருக்கும் நுட்பம் அவற்றில் இல்லை.

அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரையில் மிட்லரின் பெயர் இருந்தும், பரிசு ‘நார்மா ரே’யில் நடித்த சாலி ஃபீல்டுக்குச் சென்றது. ஃபீல்டின் திறமையை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் என் தராசில் மிட்லரின் தட்டே தாழ்கிறது.