போர்க்காலத் தலைவரும் ஆவண நிழற்படமும்: ஆன்டீட்டம் படங்களும் நெடுநல்வாடைப் பாசறையும்

முன்னுரை

போர்க்காலத்தில் எடுக்கப்பட்ட அரசியல் தலைவர்களின் நிழற்படங்கள் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன. கருவி கண்டதைக் கண்டவாறே பதிவு செய்யும் என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை. ஆயின் கருவியின் பார்வைக்கும் எல்லை உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த ஆபிரகாம் லிங்கனின் படங்களைப் பாசறையில் தலைவனைக் காட்டும் நெடுநல்வாடையோடு ஒப்பிட்டு, அவ்வெல்லையின் இயல்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரே களம், இருவகைப் படங்கள்

மேரிலாந்து மாநிலத்து ஆன்டீட்டம் ஓடைப் பகுதியில் 1862 செப்டம்பர் 17 அன்று போர் நிகழ்ந்தது. இரு தரப்பிலும் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் ஆகியோரின் எண்ணிக்கை ஏறத்தாழ 23,000. மேத்யூ பிராடியிடம் அப்போது பணியாற்றிய கார்ட்னர், போர் முடிந்த சில நாள்களுக்குள் களத்தில் கிடந்த பிணங்களைப் படமெடுத்தார். அக்டோபரில் அவை பிராடியின் நியூயார்க் படக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றன.

அதே மாதத் தொடக்கத்தில் களத்தைக் காணவந்த லிங்கனையும் கார்ட்னரே படமெடுத்தார். அக்டோபர் 3 அன்று எடுத்த படமொன்றில், தளபதி மெக்ளெல்லனும் பிற அதிகாரிகளும் சூழ்ந்து நிற்க, உயர்ந்த தொப்பியணிந்த லிங்கன் அனைவரினும் ஓங்கித் தோன்றுகிறார். பின்வாங்கிய எதிரிப்படையை மெக்ளெல்லன் விரைந்து தொடரவில்லை என்ற மனக்குறை லிங்கனுக்கு இருந்தது. அடுத்த மாதமே மெக்ளெல்லன் தளபதிப் பொறுப்பினின்று நீக்கப்பட்டார். இம்முரண் படத்தில் வெளிப்படவில்லை. அரசும் படையும் ஒன்றி நிற்கும் ஒழுங்கே அதில் புலனாகிறது.

பிணங்களின் படங்களில் தலைவர் இல்லை. தலைவரின் படங்களில் பிணங்கள் இல்லை. இதனைத் திட்டமிட்ட மறைப்பு எனக் கருதுதல் பொருந்தாது. அக்காலத்து ஈரக் கண்ணாடித் தகட்டில் ஒளி பதியச் சில நொடிகள் வேண்டும். அசையும் பொருள் மங்கிப்போகும். எனவே அசையாப் பிணமும், அசையாது நிற்க இசைந்த தலைவரும் இம்முறைக்கு ஏற்றவராயினர். மருத்துவ முகாம்களும் படமாயின என்பது உண்மையே. எனினும், வலியால் புரள்வோரிடம் தலைவர் சென்று பேசும் நிகழ்வு இத்தகட்டில் எளிதில் பதிவதன்று. அப்பயணத்தில் லிங்கன் காயமுற்றோரையும் சென்று கண்டார். ஆயினும் அப்பயணத்தின் அறியப்பட்ட நிழற்படங்களில் அக்காட்சி இல்லை என்பது நோக்கத்தக்கது.

நெடுநல்வாடைப் பாசறை

நிழற்படம் தராத இத்தகைய காட்சியை நக்கீரரின் நெடுநல்வாடை தன் இறுதிப் பகுதியில் தருகிறது. வாடை வீசும் நள்ளிரவில் மன்னன் உறக்கமின்றி, சிலரே உடன்வர, விழுப்புண் பட்ட வீரரைக் காணச் செல்கிறான். முன்செல்வோன் புண்பட்டோரை முறையே காட்டுகிறான். காற்றில் சுடர்கள் சாய்கின்றன. குதிரைகள் மேலே விழும் மழைத்துளியை உதறுகின்றன. மன்னன் நழுவும் ஆடையை இடப்புறம் தழுவியவாறு, இளவீரன் ஒருவனின் தோள்மேல் கைவைத்து நடக்கிறான். ஒளி குன்றி, எல்லாம் அசைந்துகொண்டிருக்கும் சூழல் இது. கார்ட்னரின் தகட்டுக்கு அகப்படாத அசைவே இங்குத் தலைவனை அறியத் துணைசெய்கிறது.

எனினும் பாடலையும் நடுநிலை ஆவணம் எனல் இயலாது. தலைவன் பெயர் சுட்டப்பெறாவிடினும், வேலில் கட்டிய வேம்பு அவனைப் பாண்டியன் என உணர்த்துவதால் நச்சினார்க்கினியர் இதனைப் புறமாகக் கொண்டார். தலைவனைப் பிறரினின்று வேறுபடுத்தி உயர்த்துவதில் லிங்கனின் தொப்பி செய்யும் பணியை இங்கு வேம்பு செய்கிறது எனலாம். புண்பட்டோர்பால் மன்னன் காட்டும் அருளும் அவன் புகழின் கூறாகவே அமைகிறது. அவ்வீரருள் ஒருவரது குரலும் பாடலில் ஒலிக்கவில்லை.

முடிவுரை

போர்க்காலத் தலைவரின் நிழற்படம் பொய்யன்று. அவர் படத்திற்கென நின்ற சில நொடிகளுக்கு அது சான்று. அச்சில நொடிகளை அவரது போர்க்கால வாழ்வு முழுமைக்கும் சான்றாகக் கொள்வதே பிழை. லிங்கனின் படத்தை அதே களத்துப் பிணங்களின் படங்களோடு சேர்த்துக் காணும்போதுதான் அத்தலைவர் எதன் நடுவே நின்றார் என்பது விளங்கும். புறப்பாடல்களை வரலாற்றுச் சான்றாக ஆள்வோர்க்கும் இது பொருந்தும். பாடல் யாரைக் காட்டுகிறது என்பதோடு, காட்டப்பெற்றோருள் யாரைப் பேசவிடவில்லை என்பதும் ஆய்வுக்குரிய வினாவாதல் வேண்டும்.