இரண்டாவது லென்ஸ் முடிவு செய்யட்டும்

பயணத்துக்கான கேமராவைத் தேர்ந்தெடுக்கத் தராசில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெகாபிக்சல், சென்சார் அளவு, வீடியோ வசதி எல்லாம் அதற்கு அப்புறம். விடிவதற்கு முன்பே மலையேறக் கிளம்பும்போது பை கனத்தால், இந்த ஒரு லென்ஸை அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று மனம் சொல்லும். அப்படி வைத்துவிட்டுப் போன லென்ஸ் எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் பயனில்லை.

இதை மனதில் வைத்துத்தான் இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தனுஷ்கோடியிலும் பயன்படுத்திப் பார்த்தேன். ஒன்று, 2022 நவம்பரில் வெளியான ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி5: ஏபிஎஸ்-சி சென்சார், 40.2 மெகாபிக்சல். மற்றொன்று, 2023இல் வந்த சோனி ஏ7சி 2: ஃபுல் ஃபிரேம் சென்சார், 33 மெகாபிக்சல்.

ஃபுல் ஃபிரேம் என்றால் கனம், ஏபிஎஸ்-சி என்றால் லேசு என்று எல்லோரும் சொல்வார்கள். தராசு அப்படிச் சொல்லவில்லை. பேட்டரியும் கார்டும் போட்ட எக்ஸ்-டி5 557 கிராம். அதற்குப் பொருத்தமான பயண லென்ஸ் எக்ஸ்எஃப் 16-80 மி.மீ. எஃப்/4, 440 கிராம். கூட்டினால் 997. சோனி பாடி 514 கிராம், அதற்கேற்ற 20-70 மி.மீ. எஃப்/4 ஜி லென்ஸ் 488 கிராம். கூட்டினால் 1,002. வித்தியாசம் ஐந்தே கிராம்.

ஆகவே ஒரே லென்ஸோடு ஊர் சுற்றப் போகிறவருக்கு என் சிபாரிசு சோனிதான். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சியைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல். அந்தி வெளிச்சத்தில், கோயில் பிராகாரத்தின் இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுக்கும் படங்களில் அந்தப் பரப்பு நன்றாகவே தெரிகிறது. போதாததற்கு, அகலப் பக்கத்தில் 20 மி.மீ. கிடைக்கிறது. ஃபியூஜியின் 16 மி.மீ. ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24தான். நெருக்கமான தெருக்களில் அந்த நாலு மில்லிமீட்டர் பெரிய விஷயம். நகர்கிற உயிரைப் பின்தொடரும் ஃபோகஸிலும் சோனி ஒரு படி முன்னால் நிற்கிறது. வரையாட்டையோ பறக்கும் இருவாச்சியையோ வழியில் பார்த்தால் விடக்கூடாது என்று நினைப்பவர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது லென்ஸைப் பையில் போட்டதும் கணக்கு தலைகீழாகிறது. ஃபியூஜியின் 70-300 மி.மீ. லென்ஸ் 580 கிராம். ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 450 மி.மீ.க்கு இணையான தூரம் வரை எட்டுகிறது. சோனியின் 70-300 ஜி லென்ஸ் 854 கிராம், எட்டுவதோ 300 மி.மீ. வரைதான். ஃபியூஜி எட்டும் தூரத்தை நெருங்க வேண்டுமென்றால் சோனியின் 100-400 ஜி மாஸ்டரைத் தூக்க வேண்டும். அது மட்டுமே 1,395 கிராம். மொத்தமாகப் பார்த்தால், ஒரு தோளில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல், மறு தோளில் ஏறக்குறைய இரண்டு கிலோ நானூறு கிராம். ட்ரைபாடும் தண்ணீர் பாட்டிலும் மழைக்கோட்டும் தனி.

இயற்கைக் காட்சிக்கு டெலி லென்ஸ் எதற்கு, வைட் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நம் மலைகளைப் பொறுத்தவரை வைட் லென்ஸ் போதவே போதாது என்று அடித்துச் சொல்வேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் தனியாகக் கூர்ந்து நிற்கும் பனிச்சிகரம் கிடையாது. இங்கே அழகு அடுக்கில் இருக்கிறது. ஒரு வரைக்குப் பின்னால் இன்னொரு வரை, நடுவில் மஞ்சு, அதற்கும் பின்னால் வெளிறிய நீலத்தில் மற்றொன்று. கொழுக்குமலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்தில், கிட்டத்தட்ட 7,900 அடி உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம். ஊர் தமிழ்நாட்டில் இருந்தாலும் ஜீப் கிளம்புவது கேரளப் பக்கமுள்ள சூரியநெல்லியிலிருந்து. கிழக்கே பார்த்து நின்றால் சமவெளி முழுவதும் மேகத்துக்குள் மூழ்கிக் கிடக்கும். அதை 24 மி.மீ.யில் எடுத்தால் அடியில் ஒரு வெள்ளைக் கோடு, மேலே வெறும் வானம். மலைகள் எல்லாம் சுருங்கிப்போய்விடும். அதே இடத்தில் நின்று 200க்கோ 300க்கோ போனால் வரைகள் நெருங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. கண் பார்த்தது படத்தில் வருகிறது.

டெலிக்கு ஒரு நிபந்தனை உண்டு: நேரம். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்று அலையலையாக ஆடும். தூரத்து மரங்கள் குழைந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமும், மழை பெய்து ஓய்ந்த பொழுதும்தான் 300 மி.மீ.க்கு உகந்தவை.

எக்ஸ்-டி5ஐக் கையில் எடுத்ததும் பிடித்துப்போவது அதன் மேல்தட்டு. ஐஎஸ்ஓ, ஷட்டர், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் மூன்றுக்கும் தனித்தனிச் சக்கரங்கள். 16-80 லென்ஸில் எஃப் எண் பொறித்த அப்பெர்ச்சர் வளையம். கேமராவை ஆன் செய்யாமலேயே எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம். குளிரில் விரல் விறைத்திருக்கும்போது மெனுவுக்குள் தேடாமல் ஒரு திருகலில் மாற்ற முடிவது பெரிய நிம்மதி. 70-300இல் மட்டும் வளையத்தில் எண் கிடையாது, திரையைப் பார்த்துத்தான் திருக வேண்டும்.

பின்திரையும் இயற்கைக் காட்சிக்காகவே யோசித்துச் செய்தது. மூன்று பக்கமும் சாயும். ட்ரைபாடில் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, தரையோடு தரையாக வைத்து ஓடைக் கல்லை முன்னணியில் எடுக்கும்போது, மேலிருந்து குனிந்து பார்த்தாலே போதும். சோனியின் திரை பக்கவாட்டில் விரிந்து சுழலும். தன்னைத்தானே வீடியோ எடுப்பவருக்கு அது வசதி, ட்ரைபாடில் நிற்பவருக்கு லென்ஸின் அச்சிலிருந்து விலகியே இருக்கும். வ்யூஃபைண்டரிலும் ஃபியூஜி மேல்: 36.9 லட்சம் புள்ளிகள், சோனியில் 23.6 லட்சம். எக்ஸ்-டி5இல் இரண்டு கார்டு இடங்கள், ஏ7சி 2இல் ஒன்றுதான். வீடு திரும்ப நாளாகும் பயணத்தில், எடுத்த படம் அப்போதைக்கப்போது இரண்டாவது கார்டிலும் ஏறிவிடுவது தரும் தைரியத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பேட்டரியில் இரண்டும் ஏறக்குறைய சமம், முழுச் சார்ஜில் ஐந்நூறு படங்களுக்கு மேல். இரண்டையுமே டைப்-சி கம்பியால் பவர் பேங்கிலிருந்து சார்ஜ் செய்யலாம்.

இனி படத்தின் தரம். 40 மெகாபிக்சல் என்பது 7,728க்கு 5,152 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் 25 அங்குலத்துக்கு மேல் அகலமாக அச்சிடலாம். ஆனால் அத்தனை நுணுக்கத்தையும் பெற அப்பெர்ச்சரைக் கவனமாக வைக்க வேண்டும். முன்னணி முதல் அடிவானம் வரை கூர்மையாக வரட்டும் என்று எஃப்/16க்கு இறக்குவது பலருக்கும் பழக்கம். அந்த நிலையில் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) ஒவ்வொரு புள்ளியும் சுமார் 21 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. இந்தச் சென்சாரின் ஒரு பிக்சலோ 3 மைக்ரான். காசு கொடுத்து வாங்கிய நுணுக்கம் அங்கேயே கரைந்துபோகிறது. எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை வைத்துக்கொள்ளுங்கள். 16 மி.மீ.யில் எஃப்/8 வைத்து மூன்று மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஒன்றரை மீட்டர் தள்ளியுள்ள புல்லிலிருந்து தொலைமலை வரை கூர்மை கிடைக்கும். அதைவிட நெருக்கமான முன்னணி வேண்டுமென்றால் கேமராவிலேயே இருக்கும் ஃபோகஸ் பிராக்கெட்டிங்கைப் பயன்படுத்திப் பல படங்களாக எடுத்துக் கணினியில் இணைப்பதுதான் சரியான வழி.

லென்ஸும் அதே அளவு முக்கியம். 40 மெகாபிக்சல் சென்சாரின் முழுத் திறனையும் வெளிக்கொணரும் லென்ஸ்கள் என்று ஃபியூஜிஃபிலிமே ஒரு பட்டியல் வெளியிட்டது. 70-300 அதில் உண்டு, 16-80 இல்லை. 16-80இன் 80 மி.மீ. முனையில் படத்தின் மூலைகள் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். மாற்றுவழி எளிது: 60 மி.மீ.யைத் தாண்டினால் 70-300க்கு மாறிவிட வேண்டும். ஆனால் காற்று மணலை வாரி இறைக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றக் கூடாது. தனுஷ்கோடியில், 1964 புயலில் இடிந்துபோன தேவாலயத்தின் பக்கத்தில் நின்றபோது 16-80இன் அருமை புரிந்தது. அங்கே நாள் முழுவதும் 16-80ஐக் கழற்றவே தேவைப்படவில்லை. மூலை மென்மை பற்றிக் கவலைப்படுவதைவிட, உப்புக் காற்றை சென்சாருக்குள் விடாமல் இருப்பது மேல்.

பச்சைக் காட்டை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஃபியூஜியின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் வண்ண வடிகட்டியின் அமைப்பு மற்ற கேமராக்களிலிருந்து வேறுபட்டது. ரா ஃபைலை லைட்ரூமில் அளவுக்கு மீறிக் கூர்மையாக்கினால் பொடி இலைகள் புழு நெளிவதுபோல் ஆகிவிடும். கூர்மை அளவைக் குறைத்து வைப்பதோ, கேப்சர் ஒன் மென்பொருளுக்கு மாறுவதோ இதைத் தவிர்க்கும். ஃபியூஜியின் ஃபிலிம் சிமுலேஷன்களில் வெல்வியாவைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே பச்சையாக இருப்பதை அது எரிய வைத்துவிடும். ப்ரோவியாவோ ஆஸ்டியாவோ போதும். வெல்வியாவைச் செம்மண் தேரிக்கும் மாலை வானத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஃபில்டர்களில் ஒன்றே ஒன்று வாங்க முடியுமென்றால் போலரைசர் வாங்குங்கள். மழை நனைத்த இலையின் மேல் மினுங்கும் வெள்ளையை அகற்றி உள்ளே இருக்கும் பச்சையைக் காட்டுவது அதுதான். எந்த மென்பொருளாலும் பிறகு அதைச் செய்ய முடியாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை அது குடித்துவிடும், அருவிக்கு அதுவும் நல்லதே. பாடிக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு ஏழு ஸ்டாப் வரை என்று இரண்டு நிறுவனங்களுமே சொல்கின்றன. பாறையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கால் நொடி ஷட்டரில் அருவியைக் கையில் பிடித்தே எடுக்க முடிகிறது. கடல் அலையைப் பனியாக்க வேண்டுமென்றால் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டரும் ட்ரைபாடும் தேவை. 1/60 நொடி ஏறக்குறைய 16 நொடியாக நீளும். 16-80க்கு 72 மி.மீ. விட்டம், 70-300க்கு 67. எனவே ஃபில்டர்களை 72இல் வாங்கி, 67க்கு ஒரு ஸ்டெப்-அப் வளையம் போட்டுவிட்டால் ஒரே செட்டில் வேலை முடிந்தது. பின்னாளில் 10-24 மி.மீ. வைட் வாங்கினாலும் அதற்கும் 72தான்.

கனமே ஆகாது, நாள்கணக்கில் நடக்க வேண்டும் என்பவர்களுக்கு ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 இருக்கிறது. 414 கிராம் பாடி, 254 கிராமுக்கு 12-45 மி.மீ. எஃப்/4 ப்ரோ லென்ஸ். தூசிக்கும் மழைத்துளிக்கும் ஐபி53 தரச்சான்று பெற்றது. என்டி ஃபில்டர் செய்வதை நாலு ஸ்டாப் வரை கேமராவே கணக்கிட்டுச் செய்துகொள்கிறது. 20 மெகாபிக்சல்தான், ஆனால் அரை மீட்டர் அச்சுக்கு அது தாராளம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து நாலு அடி தள்ளி ட்ரைபாட் போட்டு எடுப்பவர் என்றால் நேர் எதிர்த்திசையில் போகலாம்: 45.7 மெகாபிக்சலும் ஐஎஸ்ஓ 64ம் கொண்ட நிக்கான் இசட்7 2. சூரியனும் நிழலும் சேர்ந்த காட்சியில் அந்த 64 தரும் ஒளி வீச்சு அபாரம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையில்தான் வால்பாறைப் பக்கம் மலை உயிரோடு இருக்கும். அந்தப் பருவத்தில் கேமராவுக்கு மழையைவிட ஈரப்பதமே பெரிய எதிரி. எக்ஸ்-டி5க்கும் மேலே சொன்ன இரண்டு லென்ஸ்களுக்கும் நீர்த்துளித் தடுப்பு உண்டு. ஆனால் ஜூம் செய்யும்போதெல்லாம் குழல் நீண்டு சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் லென்ஸுக்குள்ளேயே தங்கினால் ஃபங்கஸ் பிடிக்கும். திரும்பி வந்ததும் பையோடு அலமாரியில் மூட வேண்டாம். காற்றாட வைத்து, பிறகு 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் டிரை கேபினெட்டுக்குள் வையுங்கள். அது இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஏசி வண்டியிலிருந்து கடற்கரை வெக்கைக்கு இறங்கும்போது அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியாது.

வாங்கும் வரிசையில் நான் எக்ஸ்-டி5, 16-80, 70-300, போலரைசர், கார்பன் ஃபைபர் ட்ரைபாட் என்று போவேன். பணம் இடித்தால் பாடியைப் பழையதாக வாங்கி 70-300ஐக் கைவிடாமல் வைத்துக்கொள்வேன். 26 மெகாபிக்சல் எக்ஸ்-டி4 பழையதாகவே கிடைக்கிறது, அதிர்வுத் தடுப்பும் உண்டு, அந்தச் சென்சாரில் 16-80இன் குறையும் அவ்வளவாகத் தெரியாது. லென்ஸைப் பழையதாக வாங்குவதென்றால் மட்டும் நேரில் போங்கள். அப்பெர்ச்சரை முழுக்கத் திறக்க வைத்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலைபோல் மெல்லிய இழை ஏதாவது தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்.