பழகிய கதையும் திறனாய்வுக் கலைச்சொல்லும்

திறனாய்வுக் கலைச்சொற்களை விளக்க, மாணவர் முன்பே அறிந்த கதைகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் நெடுநாளைய வழக்கம். கதை எளிது, சொல் அரிது; எளியதைக் கொண்டு அரியதை விளக்குகிறோம் என்பது அதன் அடிப்படை. இம்முறையில் ஒரு குறை உண்டு. பழகிய கதை கலைச்சொல்லுக்கு ஏவலாளாக நின்றுவிடுகிறது. அச்சொல் நம் இலக்கியத்துக்குப் பொருந்துமா என்று சோதிக்கும் உரிமையை இழக்கிறது. வேலூர், ஆம்பூர் வட்டாரத்து வகுப்புகளில் எடுத்தாளத்தக்க சில கதைகளைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளில், அரசனும் அவனை அடுத்து அரசியும் இறந்ததாக மட்டும் சொல்வது கதை எனவும், அரசி துயரத்தால் இறந்தாள் எனக் காரணம் புகுந்தால் அது கதைப்பின்னல் எனவும் வேறுபடுத்தினார். மதுரையில் நமக்கு ஓர் அரசனும் அரசியும் இருக்க, பெயரில்லாத அவ்விருவரையே நம் பாடக்குறிப்புகள் எடுத்தாளுதல் வேண்டாத கடன்.

தோல் பதனிடும் தொழிலைக் கண்டு வளர்ந்த மாணவர்க்கு, 'கதை பச்சைத் தோல், பின்னல் பதனிட்ட தோல்' என்று சொல்லிவிடுவது இப்பகுதியில் எளிய வழி. கவர்ச்சியான உவமைதான், ஆயினும் பொருந்தாது. ஆவாரம்பட்டைச் சாறு ஏறிய தோல் மீண்டும் பச்சைத் தோல் ஆவதில்லை. பின்னலிலிருந்து கதையையோ எப்போதும் பிரித்தெடுத்துச் சொல்லலாம்.

சிலம்பின் வழக்குரை காதையில் பாண்டியன் தன் தவறு உணர்ந்து உயிர் நீக்கிறான். கோப்பெருந்தேவி அவன் அடி தொழுது வீழ்கிறாள். ஃபார்ஸ்டரின் இலக்கணத்துக்கு இதுவே போதும். இளங்கோவடிகளோ காரணத்தை இன்னும் பின்னே கொண்டு செல்கிறார். அரசன் ஆடல் மகளிரின் கூத்தில் ஈடுபட்டமை கண்டு ஊடிய தேவி, தலைநோய் என்று சொல்லி அகல்வதைக் கொலைக்களக் காதை காட்டுகிறது. அவ்வூடல் தீர்க்கச் செல்லும் வழியிலேயே பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். ஆராயாத ஆணை பிறக்கிறது. ஆகவே, கணவன் இறந்த துயரால் இறக்கும் தேவியின் ஊடலே, அவள் அறியாமல், அவ்விறப்புக்கு ஒரு கண்ணி ஆயிற்று. அகத்துக்குரிய சிறு நிகழ்ச்சி ஒன்று அரசு கவிழக் காரணமாகப் பின்னப்பட்ட இந்நுட்பத்தைத் 'துயரத்தால்' என்னும் ஒரு சொல் காட்டாது.

அதனோடும் முடியவில்லை. முற்பிறப்பில் பரதன் என்பவனாய் இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொலைக்கு உள்ளாக்கினான் என்றும், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே பலித்தது என்றும் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கூறுகிறது. மனிதர் செயல் ஒன்றே காரணம் என்று கொண்டால் இக்காதை பின்னொட்டாகும். ஊழைப் பதிகமே நூலின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தலின், அவ்வாறு தள்ளுதல் இயலாது. காரணம் இரு தளங்களில் ஓடும் இக்காப்பியத்துக்குக் 'கதைப்பின்னல்' என்னும் சொல்லை விரித்தே வழங்குதல் வேண்டும்.

பழைய வட ஆர்க்காட்டுச் சிற்றூர்கள் நன்கறிந்த பாரதக் கூத்தும் இத்தகைய சோதனைக்கு ஏற்றது. 'இனி என்ன நேரும்' என்னும் ஆவலே கதையின் உயிர் என்று கூறும் பாடநூல், திரௌபதியம்மன் திருவிழாவில் விடியும்வரை அமர்ந்திருப்போரை எவ்வாறு விளக்கும்? பாஞ்சாலியின் துகில் உரியப்படுவதும், படுகளத்தில் துரியோதனன் வீழ்வதும் அவர் முன்பே அறிந்தன. அவர்தம் ஆவல் 'எவ்வாறு நேரும்' என்பதில் உள்ளது. சூதாட அமரும் தருமன் அறியாததைக் காண்போர் அறிவர் ஆதலின், இக்காட்சியை நாடக முரணுக்குச் சான்றாகக் காட்டுவர். சரியே. ஆனால் வருவன அறிந்தும், பிறர் கேளாமல் சொல்லாத சகாதேவனை நாட்டு வழக்கு மறப்பதில்லை. அவனும் அதே அவையில் இருக்கிறான். அறிந்தவன் கதையின் உள்ளேயே இருக்கையில், பாத்திரங்களின் அறியாமைமேல் எழுப்பிய இலக்கணம் தளர்கிறது.

வாலாசாப்பேட்டையை அடுத்த வேலத்தைச் சேர்ந்த மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. சந்திரனின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் நண்பன் வேலய்யன் வாய்மொழியாகவே அறிகிறோம். எனவே தன்மை நோக்குக்கு இது சான்று என்பர். வினாத்தாள்கள் அவ்வளவில் அமையும். ஒழுங்காக வாழ்ந்தவனே ஒழுங்கு தவறியவன் கதையைச் சொல்லும்போது, அவன் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பதன்றோ கேட்கத்தக்க வினா? ஓர் அதிகாரத்தையேனும் சந்திரன் கூற்றாக மாற்றி எழுதுமாறு மாணவரைப் பணித்தல், வரையறையை மனப்பாடம் செய்விப்பதினும் பயன் தரும்.